நான்கு மில்லிமீட்டர்

பனி மூடிவிட்டால் ஆப்பிள் தோட்டத்தில்
கவாத்து மட்டும்தான்; அதற்கு என் கணவர் போதும்.
நான் மார்ச் வரைக்கும்
பிள்ளைகள் குறைந்து மூடிப்போன பள்ளியின்
உடற்பயிற்சிக் கூடத்தில்
பானை ஓடு கழுவுகிறேன்.
சோற்றுப் பெட்டி நம்முடையது,
பல் துலக்கும் பிரஷ் நகராட்சியுடையது.
மண்ணெண்ணெய் அடுப்புக்கு அருகே உட்காரும் முறை
செவ்வாய்க்கிழமை எனக்கு.

ஓடுகளின் முதுகெல்லாம் கயிற்றின் தடம்.
ஈரக் களிமண்மேல் கயிற்றை உருட்டியிருக்கிறார்கள்.
இடமுறுக்கா வலமுறுக்கா என்று
குனிகோ பார்த்ததும் சொல்லிவிடுவாள்,
வைக்கோற்புரி திரித்த கை அது.
கயிறு மட்கி ஐயாயிரம் ஆண்டு,
முறுக்கு மட்டும் தளரவில்லை.

ஜனவரியில் ஒரு நாள்
ஓர் ஓட்டில் பள்ளம்.
எள்ளைவிடச் சற்றுப் பெரிது.
மணல் உதிர்ந்த குழி என்று தேய்க்கப் போனேன்.
'ஹத்சுயே சான், வேண்டாம்!'
தொமோனாரி ஓடி வந்தான்; காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

ஊசியால் குழிக்குள் சிலிக்கான் செலுத்தினான்.
நாங்கள் தேநீரைக் குடித்து முடித்தோம்.
இடுக்கியால் மெல்ல இழுத்தான்.
வந்து விழுந்தது
கூன்வண்டு.

நீண்ட மூக்கு. ஆறில் நான்கு கால்.
முதுகில் ஊசிமுனைப் புள்ளிகள், வரிசை பிசகாமல்.
உடம்பு அன்றைக்கே தீயில் போய்விட்டது.
போன உடம்பின் இடத்தை
வேறெவருக்கும் கொடுக்காமல்
வைத்திருந்தது மண்.

அதே பானையின் மற்ற ஓடுகள்
பஞ்சில் பொதிந்து நகரத்துக்குப் போயின, எக்ஸ்ரே எடுக்க.
திரும்பி வந்தபோது கூடவே ஓர் எண்:
முந்நூற்றுப் பன்னிரண்டு.
வெளியே தெரியாமல், சுவருக்குள்ளேயே.

ஒன்றிரண்டு தவறி விழலாம்.
முந்நூறு தவறாது.
யாரோ கை கொள்ளுமட்டும் அள்ளி
மாவில் எள்ளைப் பிசைவதுபோல்
மண்ணில் பிசைந்திருக்கிறார்.

மதியச் சோற்றின்போது அதே பேச்சு.
கஷ்கொட்டை தின்று பிறந்தது வண்டு,
ஆகவே அதுவும் கஷ்கொட்டைதான்;
அடுத்த வருஷமும் மரம் கொட்டட்டும் என்று
வேண்டிக்கொண்டார்கள், என்றாள் குனிகோ.
லாரி ஓட்டும் இவாபுச்சி சிரித்தான்:
பழி தீர்த்தார்கள். குளிர்காலச் சேமிப்பைத் தின்றவனை
விடுவார்களா? நெருப்பில் போட்டார்கள்.

நான் ஊறுகாயைக் கடித்துக்கொண்டு
ஒன்றும் சொல்லவில்லை.
எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்:
ஒரு வருஷம் புயலில்
அறுவடைக்கு ஆறு நாள் முன்னால்
எங்கள் பழமெல்லாம் தரைக்கு வந்தது.
அடிபட்டதைப் பொறுக்கிக் காய்ச்சி
நூற்று நாற்பது ஜாடி ஜாம் செய்தேன்.
யாரும் கேட்கவில்லை. யாருக்கும் விற்கவில்லை.
கையில் இருந்தது அதுதான், செய்தேன்.
அவளும் கொட்டைக் குழியின் மூடியைத் திறந்து
உள்ளே அசைவதைப் பார்த்தபடி
கொஞ்ச நேரம் குந்தியிருப்பாள்.

அறிக்கையில் தொமோனாரி
அரைப் பக்கம் எழுதினான், அழித்தான்.
மறுபடி எழுதினான், அழித்தான்.
கடைசியில் மிஞ்சியது:
காரணம் தெரியவில்லை.
அச்சாகி வந்தபின் அந்த வரியை
இரண்டு முறை படித்தேன்.
அது பொய் சொல்லவில்லை.

அன்று இரவு அரிசிப் பெட்டியைத் திறந்தால்
பூச்சிக்கென்று போட்டிருந்த காய்ந்த மிளகாயின் மேலேறி
ஒன்று நடந்துகொண்டிருந்தது.
அதே மூக்கு.
முதுகுப் புள்ளிகளை எண்ணப் பார்த்தேன்,
நிற்கவில்லை.
வழக்கம்போல் நகத்தால் நசுக்கினேன்.
செய்தித்தாளை விரித்து, அரிசியைக் கொட்டி,
விளக்கடியில் ஒவ்வொன்றாகத் தேடினேன்.

அடுத்த அறையிலிருந்து கணவர் கேட்டார், எத்தனை?
ஏழு, என்றேன்.
ஒரு பானைக்குக் காணாது.